வாய்ச்சொல்லில் போகும் வேலை

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் இருந்து இரண்டு பேர் அடுத்தடுத்த மாதங்களில் ஒழுக்காற்று நடவடிக்கைக்கு ஆளானார்கள். ஒருவர் தாய். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். மற்றவர் மகன். பக்கத்துப் பிரதேச சபையில் நிரந்தரச் சுகாதாரத் தொழிலாளியாக, குப்பை ட்ரக்டரில் வேலை செய்பவர். பெயரும் ஊரும் வேண்டாம். இந்த இதழை வாசிக்கிற பல வீடுகளில் இப்போது இப்படித்தான், ஒரு கால் மலையிலும் ஒரு கால் சபையிலுமாக இருக்கிறோம்.

மகன் செய்தது, அறிவிக்காமல் மூன்று நாள் வேலைக்கு வராமல் இருந்தது. அவருக்கு ஒரு கடிதம் வந்தது. என்ன குற்றம், எந்தெந்தத் திகதிகள், யார் சாட்சி, எந்தப் பதிவேடு சான்று, எந்த நாளுக்குள் பதில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர் பதில் எழுதினார். விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அந்தத் தாள்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

தாய் செய்தது, கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கும்போது வாய் திறந்தது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்த கிலோ அதிகம் என்று சொன்னார். பேச்சு முற்றியது. மறுநாள் காலை பிரட்டில், "ஒனக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ" என்றார்கள். அவ்வளவுதான். கடிதமும் இல்லை, விசாரணையும் இல்லை. மூன்று முறை கந்தோருக்குப் போய் வாசலில் நின்றார். "துரை பார்ப்பார்" என்ற பதில் கிடைத்தது. தோட்டத் தலைவரிடம் சொன்னார். "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், பொறுங்க அக்கா" என்றார் அவர். அவரும் நம்முடைய ஆள்தான். எமது சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு அந்தத் தாய் வந்தபோது எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

வேலை நீக்கப்பட்ட நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போட வேண்டும். அந்தக் கதவு அவருக்கு மூடிவிட்டது. மூடியதில் தோட்ட நிர்வாகத்தின் கை எவ்வளவோ, நம் கையும் அவ்வளவு. இதை இந்தத் தலையங்கத்தில் எழுதாமல் விட்டால், கம்பெனிகளைப் பற்றி நாம் எழுதுகிற மற்றதெல்லாம் யாருக்கு வேண்டும்?

மகனுக்குக் கிடைத்தது சபைத் தலைவரின் நல்ல மனசு அல்ல. உள்ளூராட்சிச் சபைகளின் நிரந்தர ஊழியர்கள் மாகாண அரசாங்க சேவைக்குள் வருகிறவர்கள். அவர்கள் மீதான ஒழுக்காற்று நடவடிக்கைக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் பாகத்தில் 48 ஆம் அத்தியாயம் என்று ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. குற்றச்சாட்டுப் பத்திரம் எப்படி இருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு உதவ ஓர் அலுவலரை எப்படி வைத்துக்கொள்ளலாம், வேலை இடைநிறுத்தப்பட்டால் அரைச் சம்பளம் கொடுப்பதா இல்லையா என்பது வரை அதில் எழுதியிருக்கிறது. முடிவு பிடிக்காவிட்டால் மேன்முறையீடு செய்ய மேலே ஓர் இடமும் உண்டு. அதற்காகச் சபைகளில் அநியாயம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். விசாரணைகள் வருடக் கணக்கில் இழுபடுவதும், கட்சி மாறினால் குற்றச்சாட்டு முளைப்பதும் நாம் அறிந்ததுதான். அதே ட்ரக்டரில் நாட்சம்பளத்துக்கு ஏறுகிற தற்காலிகத் தொழிலாளியிடம் கேட்டால், "எனக்கு ஏது கோவை? நாளைக்கு வராதே என்றால் வராததுதான்" என்பார். ஆனாலும் நிரந்தர ஊழியருக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. எந்தப் பக்கத்தை மேலதிகாரி மீறினார் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறது.

2018 இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவானபோது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே சில கதிரைகளும் சில மண்வெட்டிகளும் கிடைத்தன. அந்தப் பிள்ளைகள் வழியாக இன்னொன்றும் லயத்துக்குள் வந்திருக்கிறது. ஒரு தொழிலாளியைத் தண்டிக்கும் முன் எழுத்தில் சொல்லி, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அது. பெற்றோரின் தோட்டத்தில் அது இல்லை என்பது இப்போதுதான் பலர் கண்ணில் படுகிறது.

தோட்டத்தில் ஒழுக்காற்று என்ற சொல்லுக்குப் பழைய வரலாறு உண்டு. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின் கீழ், வேலைக்கு வராத தொழிலாளியையும் சொல் கேட்காத தொழிலாளியையும் நீதவான் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. வேலைத் தகராறு குற்றவியல் வழக்காக இருந்த காலம் அது. கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921 இல் தான் ஒழிந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். அந்த ஆண்டிலேயே தோட்டத் தரப்பும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தன. பிணக்கு வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஏற்பாடு அப்படி இரத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்துக்குள் நுழைந்தது. பிறகு 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வந்தது. 1957 இல் செய்த திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் வந்தன. துரை சொன்னதை இன்னொருவர் மேசையில் வைத்து, அது நியாயமா என்று கேட்க நமக்கு இடம் கிடைத்தது அப்போதுதான்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டக் கந்தோரில் உள்ளக விசாரணை நடத்தாமல் வேலைநீக்கியது ஒன்றையே காரணமாக வைத்து, நியாய சபை அந்த வேலைநீக்கத்தைத் தூக்கி எறிந்துவிடாது. சபை தானே புதிதாகச் சாட்சி கேட்டு, வேலைநீக்கம் நியாயமா என்று பார்க்கும். "விசாரணையே வைக்கல்ல, கேஸ் நமக்குத்தான்" என்று சில தலைவர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. விசாரணை வைக்காததை நம் பக்கத்து வாதங்களில் ஒன்றாகச் சொல்லலாம். அதோடு வழக்கு முடிந்துவிடாது.

எழுத்தில் காரணம் சொல்லுவதற்கு மட்டும் சட்டம் இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் கைக்கு வருகிற பத்து முறைப்பாடுகளில் இந்தக் கடிதத்தோடு வருவது ஒன்றோ இரண்டோதான். மற்றவர்களுக்குக் கிடைத்தது பிரட்டில் ஒரு வாய்ச்சொல், அல்லது செக்ரோலில் பேர் விழாமல் போனது.

வாய்ச்சொல்லில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து நியாய சபையில் நிர்வாகம் என்ன சொல்லும்? "நாங்கள் நீக்கவே இல்லை, அவர் தானாக வேலையை விட்டுப் போய்விட்டார்." நிர்வாகம் வேலைநீக்கியதை ஏற்றுக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டுவது நிர்வாகத்தின் பாரம். நீக்கவே இல்லை என்று மறுத்தால், நீக்கினார்கள் என்று காட்டுவது தொழிலாளியின் பாரம். கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாதவர் அதை எப்படிக் காட்டுவார்? பிரட்டில் நின்ற இருபது பேரும் கேட்டார்கள் என்பது உண்மைதான். அந்த இருபது பேரும் அதே தோட்டத்தில் நாளைக்கும் வேலை செய்ய வேண்டியவர்கள் என்பதும் உண்மைதான்.

ஆகவே வேலை இல்லை என்று சொன்ன அன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். "இன்ன திகதி காலை பிரட்டில் இன்னார் எனக்கு வேலை இல்லை என்று சொன்னார். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தாருங்கள்." இவ்வளவுதான். பிள்ளை எழுதினாலும் பரவாயில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிரதியையும் தபால் கந்தோர் தருகிற ரசீதையும் கட்டி வையுங்கள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பிரட்டுக்குப் போங்கள். ஒரு வாரத்தில் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்துவிடுங்கள். அந்தத் தாயின் கையில் இப்படி ஒரு கடிதமும் ஒரு ரசீதும் இருந்திருந்தால், அவர் விடயத்தில் நாம் இப்போது எழுதிக்கொண்டிருப்பது வேறாக இருந்திருக்கும்.

குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால், அது ஆங்கிலத்தில் இருந்தால், விளங்காமல் பதில் எழுத வேண்டாம். தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடிதம் கிடைத்தது என்பதற்காகக் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ கேட்டால், பக்கத்தில் "கடிதம் கிடைத்தது மட்டும்" என்று எழுதிப் போடுங்கள். மன்னிப்புக் கடிதம் என்று யாராவது எழுதித் தந்ததில் கையெழுத்துப் போடாதீர்கள். "மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்க" என்று சொல்லி நம் ஆட்களே போடவைத்த கடிதங்கள், பிறகு குற்றத்தை ஒத்துக்கொண்ட சான்றாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டு பயங்களால் பலர் முறைப்பாடே செய்வதில்லை. ஒன்று காம்பரா. வேலை போனால் அன்றைக்கே லயத்தை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம். 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டைப் பிடுங்க முடியாது. வாச்சரை அனுப்பிச் சாமானை வெளியே போடுவது சட்டம் இல்லை. மற்றது சேவைக்காலப் பணம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் வர வேண்டும். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று செய்த சேதம், பொருள் இழப்பு போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கைவைக்கலாம். அதுவும் நட்டத்தின் அளவுக்கு மட்டும். வாய்த் தகராறுக்காக இருபத்தைந்து வருடத்துப் பணம் போகாது. சேமலாப நிதியும் நம்முடையதே.

நியாய சபை என்றால் பாவப்பட்டவருக்குத் தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இதற்கு நகரத் தொழிலாளரின் வழக்கு ஒன்றில் இருந்து பாடம் இருக்கிறது. 1969 இல், கொழும்பு மாநகர சபைக்கும் முனசிங்க என்பவருக்கும் இடையிலான வழக்கில், பிரதம நீதியரசர் எச். என். ஜீ. பெர்னாண்டோ நடுத்தீர்ப்பாளர்களைக் கண்டித்தார். நீதியும் நியாயமும் ஆன முடிவு கொடு என்று சட்டம் சொன்னதற்கு, கட்டறுத்த காட்டுக் குதிரை மாதிரி ஓடலாம் என்று அர்த்தம் இல்லை என்றார். நியாயமான முடிவு என்பது எப்போதும் தொழிலாளிக்குச் சாதகமான முடிவு என்றும் நினைக்க வேண்டாம் என்றார். அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் தொழில் வழக்குகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. தொழிலாளர் பக்கம் நின்று பார்த்தால் அது கசப்பான தீர்ப்புத்தான். ஆனால் அது நமக்கும் ஒரு கயிற்றைத் தருகிறது. மனம் போன போக்கில் தொழிலாளிக்குக் கொடுக்க முடியாது என்றால், மனம் போன போக்கில் முதலாளிக்கும் கொடுக்க முடியாது. இரண்டு பக்கத்துக்கும் சான்று வேண்டும். "நாலு பிள்ளைக்காரி, ஐயா" என்ற சொல் நியாய சபையில் வழக்கைத் தூக்காது. நிறுவைக் குறிப்பு தூக்கும். அன்றைய திகதி போட்ட கடிதம் தூக்கும். பயப்படாமல் வந்து நிற்கிற ஒரு சாட்சி தூக்கும்.

சண்டை பெரிதாகும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. 2021 பெப்ரவரியில் மஸ்கெலியா அப்கொட் பக்கத்து ஓல்டன் தோட்டத்தில் நடந்தது மலையகம் முழுக்கத் தெரியும். போராட்டத்தின் நடுவே முகாமையாளர் தாக்கப்பட்டார் என்ற முறைப்பாட்டில் தொழிலாளர்கள் கைதானார்கள். 38 பேர் வேலைநீக்கப்பட்டார்கள். அங்கே யார் என்ன செய்தார்கள் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. நம் தோட்டங்களில் இருக்கிறவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது, பொலிஸ் வழக்கு ஒன்று, தோட்டத்து ஒழுக்காற்று நடவடிக்கை இன்னொன்று என்பதை. நீதவான் நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்தால் வேலை தானாகத் திரும்பி வந்துவிடாது. நீதவான் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால், அந்த ஆறு மாதம் நமக்காகக் காத்து நிற்காது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் கொடுக்க வேண்டும். இரண்டில் எதில் வாய் திறப்பதற்கு முன்னும் சங்கத்தோடு பேச வேண்டும்.

இனி மேசையில் இருக்கிற பெரிய பிரச்சினை. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டு ஒப்பந்தம் எழுதுவோம். எல்லோரும் அதில் சம்பளத் தொகையைத்தான் பார்த்தோம். எமது இதழும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டது. பிணக்கு வந்தால் தோட்ட மட்டத்தில் யார் யாரோடு பேசுவது, அதற்கு மேல் எங்கே கொண்டுபோவது என்ற ஒழுங்கும் அந்தத் தாள்களில் இருந்தது. 2019 இல் எழுதியதுதான் கடைசி. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் நாளொன்றுக்கு 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. சம்பளத்துக்கு வர்த்தமானி இருக்கிறது. பேசும் ஒழுங்குக்கு வர்த்தமானி இல்லை. அதன் பிறகு பல தோட்டங்களில் தலைவர்மாரைக் கந்தோருக்குள் கூப்பிடுவதே முகாமையாளரின் விருப்பமாகிவிட்டது. சம்பளப் போராட்டத்தின் வெற்றியில் நாம் இழந்தது என்ன என்று அப்போது நின்று பார்க்கவில்லை. அந்தக் குற்றத்தில் எமக்கும் பங்கு உண்டு.

கம்பெனிகள் இப்போது காட்டுகிற வருமானப் பங்கீட்டு முறையையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். தேயிலைப் பற்றையைப் பிரித்துக் கொடுக்கிறோம், நீங்களே பராமரியுங்கள், கிலோக் கணக்குக்குக் காசு தருகிறோம் என்கிறார்கள். கூடுதல் வருமானம் வருமா வராதா என்று ஒவ்வொரு லயத்திலும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் செக்ரோலில் பேர் இல்லாதவரை வேலைநீக்க வேண்டிய தேவையே இல்லை. நிலத்தைத் திருப்பிக் கேட்டால் போதும். அவருக்குக் குற்றச்சாட்டுப் பத்திரம் யாரும் எழுத மாட்டார்கள். நீ தொழிலாளியே அல்ல என்று சொல்லி நியாய சபை வாசலிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். இந்த முறையில் சேரக் கையெழுத்துக் கேட்டு வருகிற எந்தத் தாளிலும், செக்ரோல் பேரும் சேவைக் காலமும் என்னாகிறது என்ற வரியை முதலில் தேடுங்கள்.

தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு புத்தகம் வேண்டும் என்று எமது சங்கம் கேட்கிறது. தடித்த கோவை வேண்டாம். தமிழில் நாலு பக்கம் போதும். எது குற்றம், எதற்கு என்ன தண்டனை, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்த பிறகு பதில் எழுத எத்தனை நாள், விசாரணையில் சங்கப் பிரதிநிதி உட்காரும் உரிமை, விசாரணை முடியும் வரை சம்பளம் என்ன, மேன்முறையீடு யாரிடம் என்பது அதில் இருக்க வேண்டும். அதைப் பிரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்ட வேண்டும். இது புதிய ஆசை அல்ல. 1982 ஆம் ஆண்டின் 158 ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் சமவாயம், குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது. இலங்கை அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. சம்பளத்துக்காகத் தெருவில் இறங்குகிற அரசியல்வாதிகளிடம் இதையும் கேளுங்கள்.

கம்பெனி தருமட்டும் நாம் சும்மா இருக்க முடியாது. எல்லாத் தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கொப்பி கொண்டு வர வேண்டும். உங்கள் தோட்டத்தில் கடந்த ஆறு மாதத்தில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் பெயர், பிரிவு, வேலை இல்லை என்று சொன்ன திகதி, சொன்னவர் யார், கடிதம் கிடைத்ததா என்பதை அதில் எழுதுங்கள். "பேசிக்கிட்டிருக்கோம்" என்ற விடயங்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தாவது மாதம் தாண்டியவர்கள் இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே ஆளையும் கூட்டிக்கொண்டு காரியாலயத்துக்கு வாருங்கள்.